உதவி: ஸ்டொக் மைனஸ் 88, ஆனால் தட்டில் சாமான் இருக்கு

கல்லடிக் கடை: அவசரம். பில் சிஸ்டத்தில் சவர்க்காரம் மைனஸ் 88 என்று நிற்கிறது. தட்டில் 6 கட்டி இருப்பதைக் கண்ணால் பார்க்கிறேன். ஓடர் பட்டியலில் தினமும் அதுதான் முதல் வரி. என்ன செய்ய?

வாவிக்கரை: என்ன மென்பொருள்? எத்தனை கவுண்டர்? எப்போதிருந்து?

ஏறாவூர் காக்கா: கரண்ட் போய் வந்ததா தம்பி? எங்கள் யூபிஎஸ் பழுதான அன்று ஒரே பில் இரண்டு தரம் பதிந்தது. அதுவாகத்தான் இருக்கும்.

அக்கரைப்பற்றான்: வேலைக்கு நிற்கும் பொடியனைக் கவனியுங்கள். களவு.

பழைய ஸ்டோர்கீப்பர்: எழுத முதல் கொஞ்சம் யோசிக்கலாம். களவு போனால் கணினியில் கூடுதலாக இருக்கும், தட்டில் குறையும். இங்கே நேர்மாறு. வந்த சாமான் முழுக்கப் பதியவில்லை. எத்தனை பெட்டி, பெட்டிக்கு எத்தனை கட்டி? அதைக்கூட எழுதவில்லை.

கல்லடிக் கடை: 2 பெட்டி. 48 கட்டி.

பழைய ஸ்டோர்கீப்பர்: 96 கட்டி என்று அடிக்காமல், பெட்டியை எண்ணி 2 என்று அடித்திருக்கிறீர்கள். 90 விற்றிருக்கிறது. 2இல் 90 போனால் மைனஸ் 88, 96இல் 90 போனால் 6. இதற்குக் கணினி எதற்கு?

கல்முனைத் தம்பி: பெரிய சுப்பர்மார்க்கட்டுகளில் இதற்குத்தான் பெட்டிக்குத் தனி பார்கோட். கட்டியில் 13 இலக்கம், பெட்டியில் பெரும்பாலும் 14. பெட்டியை ஸ்கேன் பண்ணினால் 48 ஏறும். ஓடரும் தானாகவே போகும்: நாளுக்கு 10 விற்று, கொழும்பு லொறி வர 3 நாள் என்றால் 30, கைகாவலுக்கு 10, ஆக 40க்கு இறங்கியதும் ஓடர். அமெரிக்காவின் வோல்மார்ட் கடைகள் 1991இலேயே ரீட்டெயில் லிங்க் என்று ஒரு சிஸ்டம் வைத்து, விற்பனைக் கணக்கைச் சப்ளையர்களே பார்க்க விட்டது. ஆனால் 48க்குப் பதில் 1 ஏறினால் அவர்கள் சிஸ்டமும் உங்களுடையது மாதிரித்தான் ஓடர் கேட்கும்.

ஏறாவூர் காக்கா: பார்கோட் 479இல் தொடங்கினால் இலங்கையில் செய்த சாமான். அதை மட்டும் எடுங்கள்.

பழைய ஸ்டோர்கீப்பர்: பிழை. கொம்பனி எந்த நாட்டுப் பார்கோட் அமைப்பில் பதிந்து எண் எடுத்தது என்பதைத்தான் 479 சொல்லும். சாமான் எங்கே செய்தது என்று சொல்லாது.

ஏறாவூர் காக்கா: அப்ப எங்கட தேயிலைப் பக்கெட்?

அக்கரைப்பற்றான்: பொடியனை விசாரித்தீர்களா?

வாவிக்கரை: தேயிலையை விடுங்கள் காக்கா. கல்லடிக்காரர் எங்கே?

கல்லடிக் கடை (மறுநாள்): பெட்டிக்கு 48 என்று மாற்றினேன், 6 காட்டுது. நன்றி. ஆனால் ஒரு கட்டியின் வாங்கு விலையில் பெட்டி விலை நிற்கிறது. லாபக் கணக்கு முழுக்க நட்டம்.

பழைய ஸ்டோர்கீப்பர்: அதையும் 48ஆல் பிரியுங்கள். இதையுமா சொல்ல வேண்டும்?

ஏறாவூர் காக்கா: தேயிலை 479தான். இப்பத்தான் பார்த்தேன்.