பாத்திக்: மெழுகுக்கு அடியில் சாயம் ஊறுவது ஏன்?

கேள்வி: பாத்திக் (துணியில் மெழுகால் வரைந்து, சாயமேற்றி, பிறகு மெழுகை நீக்கும் முறை) செய்கிறேன். பருத்தித் துணி. மெழுகுக் கோட்டுக்குக் கீழே சாயம் ஊறி ஓரம் மங்கிவிடுகிறது. என்ன செய்யலாம்? குர்தா தைக்க வேண்டிய துணி.

பதில் 1: மெழுகில் சூடு போதவில்லை. கோடு வெள்ளையாகப் படிந்தால் மேலாக ஒட்டியிருக்கிறது; ஈரம்பட்டதுபோல் ஊடுருவித் தெரிந்தால்தான் இழைக்குள் இறங்கியிருக்கிறது. புகை வந்தால் சூடு அதிகம், உடனே அடுப்பை அணையுங்கள். துணியின் பின்பக்கமும் வரையுங்கள். ஜாவாவின் உயர்தரக் கைப்பாத்திக்கில் இரு பக்கமும் வரைவார்கள். புதுத்துணியில் கஞ்சி இருந்தால் மெழுகு இறங்காது, முதலில் சலவைச் சோடா போட்டு அலசிவிடுங்கள்.

பதில் 2: சாயத்தையும் பாருங்கள். தொட்டி சூடானால் மெழுகு இளகும். குளிர்நீரிலேயே இழையோடு பிணையும் ரியாக்டிவ் சாயமும், அதைப் பிணைக்க லிட்டருக்குச் சுமார் 20 கிராம் சோடா ஆஷும் (சலவைச் சோடா) போதும். பாரஃபின் மெழுகு மட்டும் போட்டால் நொறுங்கி வெடிப்பு விழும். பாதிக்குப் பாதி தேன்மெழுகு கலந்தால் வளையும். அந்த வெடிப்புக்கோடுகளே சிலருக்குப் பிடிக்கும், அது வேறு.

பதில் 3: குர்தா என்றால் வெட்டும் அளவைக் குறித்துக்கொண்டு பிறகு மெழுகு போடுங்கள், இல்லாவிட்டால் தையலில் கோலம் உடையும். முறையாகச் செய்த பாத்திக்கில் இருபுறமும் நிறம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். அதனால் மடித்துவிட்ட கை, திறந்த காலர் எல்லாம் அழகாக நிற்கும். அச்சடித்த போலியில் உள்பக்கம் வெளிறித் தெரியும்.