அப்பாவோட டிப்ரஷனுக்கு நடையா, மாத்திரையா? உங்க வீட்டு அனுபவம் சொல்லுங்க

திருச்சி மகள்:
ரிட்டயர் ஆன மறுவருஷமே அப்பா பேப்பரைத் தொடுறதை விட்டுட்டார். விடியக்காலை மூணு மணிக்கே முழிப்பு, சாப்பாட்டுல பாதி தட்டுலயே கிடக்கும். "வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்"னு சொல்லாத சொந்தக்காரங்களே இல்ல.

டாக்டர் முதல்ல தைராய்டு, பி12 ரெண்டும் பார்க்கச் சொன்னார். அப்புறம் முதியோருக்குன்னே இருக்கிற 15 கேள்வி. "வாழ்க்கை வெறுமையா தோணுதா?"ன்னு கேட்டதும் அப்பா பதில் சொல்லாம என்னைப் பார்த்தார். நான் எழுந்து வெளியே போய் உட்கார்ந்துட்டேன். "லேசான டிப்ரஷன்தான். இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், நடங்க, ஆனா வாராவாரம் வந்து காட்டணும்"னார்.

"நான்தான் தினமும் நடக்கிறேனே"ன்னு அப்பாவுக்குக் கோபம். அந்த நடை டீக்கடை வரைக்கும்தான். நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது, அந்த வேகம் வேணும்னார் டாக்டர். தனியா அனுப்பினா போகமாட்டார், பக்கத்து வீட்டு மாமாவோட சேர்த்துவிட்டேன். ஒரு மாசம் பெருசா ஒண்ணும் தெரியல. அப்புறம் ஒருநாள் குழம்புல உப்பு கம்மின்னு சத்தம் போட்டார். அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம்!

கோவை ராணி:
எங்க அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம், நடைங்கிற பேச்சுக்கே இடமில்ல. டிப்ரஷனுக்கு எஸ்சிட்டலோபிராம்னு ஒரு மாத்திரை எழுதினாங்க. ஏற்கெனவே பிரஷருக்கு நீர் மாத்திரை வேற சாப்பிட்டுட்டு இருந்தாங்க. ரெண்டாவது வாரம் ஒரே தள்ளாட்டம், பேச்சுல குழப்பம். ரத்தத்துல சோடியம் 122! 135-க்குக் கீழ போகக் கூடாதாம். வயசானவங்களுக்கு இந்த வகை மாத்திரையில சோடியம் இறங்கலாம்னு யாருமே முன்கூட்டிச் சொல்லல. அட்மிட் பண்ணி, மிர்டாசபின்னு வேற வகை டிப்ரஷன் மாத்திரைக்கு மாத்தினாங்க. அதுல தூக்கமும் பசியும் திரும்புச்சு. அதனால மாத்திரையே ஆகாதுன்னு நான் சொல்லமாட்டேன், ஆரம்பிச்ச கொஞ்ச நாள்ல சோடியம் பாருங்கன்னுதான் சொல்வேன்.

பிசியோ தம்பி:
ராணி அக்கா, நாற்காலியில உட்கார்ந்தே செய்யற பயிற்சி இருக்கு, அம்மாவுக்குக் கேட்டுப் பாருங்க.

அமெரிக்காவுல டியூக் பல்கலைக்கழகத்துல பிளூமெந்தால் குழு டிப்ரஷன் இருந்த, 50 வயசும் அதுக்கு மேலயும் ஆன 156 பேரை வச்சுப் பண்ணின ஆய்வு 1999-ல வந்தது. சிலருக்குப் பயிற்சி, சிலருக்கு செர்ட்ராலின்ங்கிற டிப்ரஷன் மாத்திரை, சிலருக்கு ரெண்டும். 16 வாரம் கழிச்சுப் பார்த்தா மூணு கூட்டமும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேறியிருந்தாங்க, ஆனா மாத்திரை மட்டும் எடுத்தவங்களுக்கு ஆரம்பத்துல சீக்கிரம் பலன் தெரிஞ்சது. ஒண்ணு கவனிங்க, அங்கே பயிற்சி வாரம் மூணு தடவை, கூட்டமா, ஆள் நின்னு பார்த்துக்க நடந்தது. "நடங்கப்பா"ன்னு சொல்லிட்டு ஆபீஸ் போறது அந்தக் கணக்குல வராது.

நெல்லைக்காரன்:
எங்க மாமா நல்லாயிடுச்சுன்னு மாத்திரையைத் தானே பட்டுன்னு நிறுத்திட்டார். தலைசுத்தல், எரிச்சல், ராத்திரியெல்லாம் கெட்ட கனவு. டாக்டர் திட்டிட்டு மறுபடி ஆரம்பிச்சு, மெதுவா குறைச்சார். திருச்சி அக்கா, மழைக்காலத்துல அப்பா நடைக்கு என்ன பண்றீங்க? எங்க வீட்டுல அங்கேதான் உதைக்குது.