டெபியன் இன்ஸ்டாலரில் எஸ்எஸ்டி தெரியவே இல்லை, விண்டோஸை அழிக்காமல் வழி உண்டா?

புதுமுகம்77:
எல்லோருக்கும் வணக்கம். மூன்று நாளாக இதே வேலையாக உட்கார்ந்திருக்கிறேன், முடியவில்லை. மடிக்கணினியில் விண்டோஸ் 11 இருக்கிறது, அதை அப்படியே வைத்துக்கொண்டு பக்கத்தில் டெபியன் 12 (லினக்ஸ் வகை இயங்குதளம்) போட வேண்டும். 512 ஜிபி எஸ்எஸ்டியில் 100 ஜிபியை விண்டோஸிலிருந்தே சுருக்கிக் காலியாக விட்டிருக்கிறேன். பென்டிரைவிலிருந்து பூட் செய்தால் இன்ஸ்டாலர் வருகிறது, மொழி, கீபோர்டு, வைஃபை எல்லாம் தாண்டிப் போகிறது, பார்ட்டிஷன் பக்கத்துக்கு வந்ததும் பட்டியலில் பென்டிரைவ் மட்டும்தான் நிற்கிறது. எஸ்எஸ்டி இருக்கிற சுவடே இல்லை. ஐஎஸ்ஓவை மறுபடி இறக்கினேன், பென்டிரைவில் இரண்டு தடவை எழுதினேன், செக்யூர் பூட்டை அணைத்தும் பார்த்தேன். வேறொரு இடத்தில் கேட்டதற்கு மொத்தத்தையும் ஃபார்மட் பண்ணச் சொன்னார்கள். ஆய்வேட்டுக்கான கோப்புகள் எல்லாம் இதில்தான் இருக்கின்றன, மனம் வரவில்லை. எஸ்எஸ்டியே கெட்டுப்போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது.

கருந்திரை:
ஃபார்மட் மட்டும் செய்யாதீர்கள். விண்டோஸ் ஒழுங்காக ஓடுகிறது என்றால் எஸ்எஸ்டி நன்றாகத்தான் இருக்கிறது, அதனால் அந்தப் பயம் வேண்டாம். எதையெல்லாம் செய்து பார்த்தீர்கள் என்று எழுதியது பெரிய உதவி, இன்னும் ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். அதே பார்ட்டிஷன் பக்கத்தில் நிற்கும்போது கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கறுப்புத் திரை வரும், என்டர் தட்டினால் கட்டளை கேட்கும். dmesg கட்டளையைக் கொடுத்தால் பூட் ஆனதிலிருந்து கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) சொன்ன எல்லாவற்றையும் கொட்டும். அதில் என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி வகை), ஏஹெச்சிஐ (டிஸ்க்கோடு பேசும் வழக்கமான முறை) என்று வருகிற வரிகளைத் தேடி அப்படியே இங்கே போடுங்கள், போனில் படம் எடுத்தாலும் சரி. திரும்பிப் போக, வரைகலை இன்ஸ்டாலர் என்றால் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்5.

புதுமுகம்77:
பார்த்தேன். ஏஹெச்சிஐ என்று தொடங்குகிற ஒரு வரியில், ரீமேப் ஆன என்விஎம்இ ஒன்று இருக்கிறது, அதைப் பயன்படுத்த பயாஸை ரெயிடிலிருந்து ஏஹெச்சிஐக்கு மாற்று என்கிற பொருளில் இருக்கிறது. இதுதானா?

கருந்திரை:
இதேதான். உங்கள் பயாஸ் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் அமைப்பு மென்பொருள்) எஸ்எஸ்டியை ரெயிட் (பல டிஸ்க்குகளைச் சேர்த்துக் கையாளும் முறை) கன்ட்ரோலருக்குப் பின்னால் மறைத்து வைத்திருக்கிறது. விண்டோஸுக்கு அதற்கான டிரைவர் இருப்பதால் தெரிகிறது, லினக்ஸ் கர்னல் அந்த மறைப்பைத் தாண்டி உள்ளே போகாது. பயாஸில் சாட்டா மோட் அல்லது ஸ்டோரேஜ் என்கிற மாதிரி ஒரு இடத்தில் ரெயிட் என்றோ ஆர்எஸ்டி என்றோ இருப்பதை ஏஹெச்சிஐ என்று மாற்ற வேண்டும்.

மெல்லநட:
ஒரு நிமிடம், அவசரப்பட்டு மாற்றிவிடாதீர்கள்! நேரடியாக மாற்றினால் விண்டோஸ் நீலத்திரை காட்டி நின்றுவிடும், நான் ஒரு தடவை இதில் மாட்டி ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. முதலில் ஆய்வேட்டை வெளி டிஸ்க்கில் நகல் எடுங்கள், இதை மட்டும் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். அடுத்தது பிட்லாக்கர், அதாவது விண்டோஸின் டிஸ்க் குறியாக்கம். நீங்கள் போடாவிட்டாலும் விண்டோஸ் 11 பல மடிக்கணினிகளில் தானாகவே குறியாக்கம் செய்து வைத்திருக்கும், பயாஸில் கை வைத்ததும் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அதை எழுதி வைத்துவிட்டுத்தான் மற்றது. அப்புறம் விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் (msconfig) என்ற அமைப்புக் கருவியைத் திறந்து, பூட் தாவலில் சேஃப் பூட்டை டிக் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள், விண்டோஸ் வருவதற்குள் பயாஸுக்குள் போய் ஏஹெச்சிஐ ஆக்கிச் சேமியுங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் ஏறும்போது தேவையான டிரைவரைத் தானே ஏற்றிக்கொள்ளும். பிறகு அந்த டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ரீஸ்டார்ட். சேஃப் மோடில் பின் எண் சில சமயம் வேலை செய்யாது, கணக்கின் முழு பாஸ்வேர்டு நினைவில் இருக்கட்டும். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் அணைத்துவிடுங்கள், அது இருந்தால் விண்டோஸ் முழுசாக மூடாது, லினக்ஸிலிருந்து அந்த டிரைவில் எழுத முடியாமல் போகும்.

புதுமுகம்77:
நேற்றிரவு நகல் எடுத்தேன், சாவியை நோட்டில் எழுதினேன் (சொன்னபடியே கேட்டது!), சேஃப் மோட் வழியாகப் போனேன், விண்டோஸ் ஒரு சிக்கலும் இல்லாமல் வந்தது. இன்ஸ்டாலரில் எஸ்எஸ்டியும் அந்த 100 ஜிபி காலி இடமும் தெரிந்தபோது எழுந்து நின்றுவிட்டேன். டெபியன் ஓடுகிறது, இதை அதிலிருந்துதான் எழுதுகிறேன். ஒன்று மட்டும் பாக்கி, எந்த இயங்குதளம் வேண்டும் என்று தொடக்கத்தில் கேட்கும் க்ரப் மெனுவில் விண்டோஸ் இல்லை. பயாஸ் பூட் மெனு வழியாகப் போனால் நன்றாகத் திறக்கிறது.

கருந்திரை:
விண்டோஸ் பத்திரமாக இருக்கிறது, க்ரப் அதைத் தேடவில்லை, அவ்வளவுதான். க்ரப் 2.06 முதல், மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபர் இயல்பாகவே அணைந்திருக்கும், டெபியன் 12 நிறுவும்போது அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்கும், வேண்டாம் என்று தாண்டியிருப்பீர்கள். ஈடிசி அடைவில் டிஃபால்ட் என்பதற்குள் க்ரப் என்ற கோப்பு இருக்கிறது. அதில் டிசேபிள் ஓஎஸ் ப்ரோபர் என்று முடியும் வரிக்கு முன்னால் உள்ள ஹாஷ் குறியை எடுத்து, மதிப்பை ஃபால்ஸ் ஆக்கிச் சேமியுங்கள், பிறகு ரூட் உரிமையோடு அப்டேட்-க்ரப் ஓட்டுங்கள். விண்டோஸ் பூட் மேனேஜர் கிடைத்தது என்று ஒரு வரி வர வேண்டும். வராவிட்டால் வந்ததை அப்படியே இங்கே ஒட்டுங்கள்.

புதுமுகம்77:
அந்த வரி வந்தது. மெனுவில் இப்போது இரண்டும் இருக்கின்றன. உங்கள் இருவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. தலைப்பில் தீர்ந்தது என்று போட்டுவிடுகிறேன், அந்த ஏஹெச்சிஐ வரியின் படத்தையும் கேள்வியிலேயே சேர்க்கிறேன், இதே சிக்கலோடு தேடி வருகிறவர் கண்ணில் முதலில் அது படட்டும்.