பார்ட்டிஷன்கள் தாய் அட்டவணைக்கு உள்ளேயா, வெளியேயா?

வெள்ளைப்பலகை:
போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளுக்கான நிர்வாகக் கருவி ஒன்றை எங்கள் குழு எழுதிக்கொண்டிருக்கிறது. இடப்பக்கத்தில் வழக்கம்போல் அட்டவணைகளின் மரம். நேற்று ஒரு பயனரின் தரவுத்தளத்தைத் திறந்து பார்த்தோம். அவர் உருவாக்கிய அட்டவணைகள் 14. பட்டியலில் வந்த பெயர்களோ 900க்கு மேல். நாளுக்கு ஒரு பார்ட்டிஷனாக, அதாவது துண்டு அட்டவணையாக, பிரித்து வைத்த நிகழ்வுப் பதிவு அட்டவணை ஒன்றே மற்ற 13-ஐயும் விழுங்கிவிட்டது.

என் முன்மொழிவு எளிது. முதன்மைப் பட்டியலில் பார்ட்டிஷன் எதுவும் வரக் கூடாது. பிரிக்கப்பட்ட தாய் அட்டவணையை விரித்தால், அதற்குள் ‘பார்ட்டிஷன்கள்’ என்ற கிளையில் மட்டும் தெரியட்டும். போஸ்ட்கிரெஸுக்கான இன்னொரு நிர்வாகக் கருவியான பிஜிஅட்மின் 4 செய்வதும் இதுதான். அட்டவணைகளின் விவரங்களை வைத்திருக்கும் பிஜி_கிளாஸ் என்ற உள் அட்டவணையில், பார்ட்டிஷனா இல்லையா என்று சொல்லும் ‘ரெலிஸ்பார்ட்டிஷன்’ என்ற நெடுவரிசை இருப்பதால் வடிகட்ட ஒரே வரி போதும். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

இரவுக்காவல்:
இருக்கிறது. கொஞ்சம் சூடாகவே இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில், மாதந்தோறும் புதிய பார்ட்டிஷனை உருவாக்கும் பணி ஒன்று சத்தமில்லாமல் நின்றுபோனது. வேறு எந்தப் பார்ட்டிஷனிலும் பொருந்தாத வரிசைகளை வாங்கிக்கொள்ளும் டீஃபால்ட் பார்ட்டிஷன் இருந்ததால் ஒரு பிழைச் செய்தியும் எழவில்லை. வந்த வரிசைகள் எல்லாம் அதற்குள் போய் விழுந்தன. எங்கள் கருவி அதைத் தாயின் அடியில் அழகாக மடித்து வைத்திருந்தது. விரித்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. 5 மாதம் கழித்து, விடுபட்ட மாதத்துக்குப் பார்ட்டிஷன் சேர்க்கப் போனபோது போஸ்ட்கிரெஸ் மறுத்துவிட்டது. அந்த மாதத்து வரிசைகள் ஏற்கெனவே டீஃபால்ட்டுக்குள் இருந்தால் அது சம்மதிக்காது. டீஃபால்ட்டைக் கழற்றி, வரிசைகளை இடம் மாற்றி, திரும்ப மாட்டி முடிப்பதற்குள் விடிந்துவிட்டது.

கண்ணில் படாதது கவனத்துக்கும் வராது. மறைக்காதீர்கள்.

தூண்_37:
உங்கள் இரவுக்காக வருந்துகிறேன், ஆனால் பழி தப்பான இடத்தில் விழுகிறது. அது கண்காணிப்பின் கோளாறு. டீஃபால்ட்டில் ஒரு வரிசை விழுந்தாலும் எச்சரிக்கை வந்திருக்க வேண்டும். நீங்களே சொல்லுங்கள், 900 பெயர்களுக்கு நடுவில் அது 412-ஆவதாக நின்றிருந்தால் பார்த்திருப்பீர்களா? பட்டியல் நீண்டுவிட்டால் அதுவும் ஒரு மறைப்புதான்.

போஸ்ட்கிரெஸின் கட்டளைவரிக் கருவியான பிஎஸ்கியூஎல்லில், அட்டவணைகளைப் பட்டியலிடும் வெறும் டிடி கட்டளை கொடுத்துப் பாருங்கள். தாயும் பிள்ளைகளும் ஒரே வரிசையில் கலந்து கொட்டும். அந்தத் தொல்லைக்காகத்தான் 12-ஆம் பதிப்பில் தாய்களை மட்டும் காட்ட, பெரிய எழுத்து ‘பி’ சேர்த்துத் தனிக் கட்டளையே கொண்டுவந்தார்கள்.

இரவுக்காவல்:
412-ஆவது என்ற அடி சரியாக விழுந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் என் மறுப்பு அந்த ஒரு கதையோடு முடியவில்லை.

போஸ்ட்கிரெஸில் பார்ட்டிஷன் என்பது தாயின் ஓர் அறை அல்ல, தனி வீடு. அதற்கென்று அனுமதிகள், இண்டெக்ஸ்கள் (தேடலை விரைவாக்கும் அடைவுகள்), டேபிள்ஸ்பேஸ் (வட்டில் சேமிக்கும் இடம்), ஆட்டோவாக்கும் (தானாக நடக்கும் பராமரிப்பு) அமைப்புகள் உண்டு. அது வேறொரு சேவையகத்தில் இருக்கும் அயல் அட்டவணையாகக்கூட இருக்கலாம். வேலையும் அங்கேதான் நடக்கிறது. எழுத்துகளை நிறுத்தாமல் இண்டெக்ஸ் கட்டும் ‘கன்கரண்ட்லி’ முறையைத் தாய் அட்டவணையில் நேரடியாகப் பயன்படுத்த முடியாது. தாயில் ‘ஆன் ஒன்லி’ என்று ஒரு வெற்று இண்டெக்ஸ் போட்டு, ஒவ்வொரு பார்ட்டிஷனிலும் தனித்தனியாகக் கட்டி, ஒவ்வொன்றாகத் தாயோடு இணைக்க வேண்டும். கடைசிப் பிள்ளை இணையும் வரை தாயின் இண்டெக்ஸ் செல்லாததாகவே கிடக்கும். அதை 900 முறை செய்பவனிடம் போய், பார்ட்டிஷன் உள் விவரம், நீ பார்க்க வேண்டியதில்லை என்று சொல்லிப் பாருங்கள்.

பழையவழி:
வேறு திண்ணையிலிருந்து ஒரு குரல். மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளில் இந்தச் சண்டையே கிடையாது. அங்கே பார்ட்டிஷன் தனி அட்டவணை அல்ல, அட்டவணைப் பட்டியலைக் கேட்டாலும் வராது. அழிப்பதென்றாலும் தாயின் மீது ஆல்டர் டேபிள் கட்டளைதான். ஆகவே கருவிகள் அதை அட்டவணையின் ஒரு பண்பாகக் காட்டினால் போதுமானதாக இருக்கிறது.

உங்களுக்கும் மரம் எதற்கு? தாயைத் தேர்ந்தெடுத்தால் வலப்பக்கத்தில் ஒரு கட்டம் வரட்டும்: எல்லை, அளவு, வரிசை மதிப்பீடு. 900 கிளைகளை விரிப்பதைவிட 900 வரிகளை வரிசைப்படுத்துவது எளிது.

வெள்ளைப்பலகை:
கட்டம் பிடித்திருக்கிறது. மரத்தில் பெயர்கள் அகர வரிசையில் வருவதால் பி_10 முன்னாலும் பி_2 பின்னாலும் நிற்கிறது, எல்லையோ கண்ணுக்கே தெரிவதில்லை. கட்டத்தில் அந்தத் தொல்லை தீரும்.

இதற்கிடையில் இன்னொரு சிக்கல் முளைத்திருக்கிறது. தாயின் அளவைக் கேட்டால் 0 பைட் என்று வருகிறது. பயனர் ஒருவர் பதறிப்போய் எங்களுக்கு எழுதினார், தரவு எல்லாம் போய்விட்டதா என்று.

தூண்_37:
தாய்க்குச் சேமிப்பிடமே கிடையாது, 0 தான் வரும். 12-ஆம் பதிப்பிலிருந்து ‘பிஜி_பார்ட்டிஷன்_ட்ரீ’ செயற்கூறு இருக்கிறது. பேரப்பிள்ளைகள் வரை எல்லோரையும் கொடுக்கும். அவற்றின் அளவைக் கூட்டித் தாயின் எதிரே போடுங்கள். வரிசை எண்ணிக்கையிலும் எச்சரிக்கை தேவை. ஆட்டோவாக்கும் தாய் அட்டவணையை அனலைஸ் செய்வதில்லை, அதாவது அதன் புள்ளிவிவரத்தைச் சேகரிப்பதில்லை. கையால் செய்யாதவரை மதிப்பீடு -1 என்றே நிற்கும். அதை அப்படியே திரையில் போட்டுவிடாதீர்கள், ‘கணிக்கப்படவில்லை’ என்று எழுதுங்கள்.

இன்னொன்று. இதைச் சொன்னால் என் கட்சிக்கே பாதகம், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஒரு பார்ட்டிஷன் தாய் இருக்கும் ஸ்கீமாவிலேயே (அட்டவணைகளைத் தொகுத்து வைக்கும் பிரிவு) இருக்க வேண்டும் என்று விதி கிடையாது. பழைய ஆண்டுகளை ‘காப்பகம்’ என்று தனி ஸ்கீமாவுக்கு நகர்த்தி வைப்பவர்கள் உண்டு, நானும் அவர்களில் ஒருவன். வெள்ளைப்பலகையின் ஒரு வரி வடிகட்டியைப் போட்டால் அந்த ஸ்கீமா எப்படித் தெரியும்?

வெள்ளைப்பலகை:
காலியாக.

தூண்_37:
ஆம், காலியாக. காலி ஸ்கீமாவைக் கண்டால் சுத்தம் செய்யும் கை சும்மா இருக்காது. ‘உள்ளே பொருள்கள் இருக்கின்றன’ என்று போஸ்ட்கிரெஸ் ஒருமுறை மறுக்கும். உடனே உங்கள் கருவியின் பெட்டி ‘கேஸ்கேடோடு அழிக்கவா?’, அதாவது உள்ளிருப்பவற்றையும் சேர்த்து அழிக்கவா என்று கனிவாகக் கேட்கும். அவர் ஆம் என்பார். தாய் அட்டவணை அசையாமல் நிற்கும், பழைய ஆண்டுகள் மட்டும் இருக்காது.

இரவுக்காவல்:
நான் இத்தனை பதிவுகளில் சொல்ல முயன்றதை எதிர்க்கட்சி நான்கு வரியில் சொல்லிவிட்டது.

வெள்ளைப்பலகை:
சரி, வடிகட்டியை மாற்றுகிறேன். தாயும் பிள்ளையும் ஒரே ஸ்கீமாவில் இருந்தால் மட்டும் மடிப்பு. வேறு ஸ்கீமாவில் இருக்கும் பார்ட்டிஷன் அந்த ஸ்கீமாவின் பட்டியலிலேயே, பக்கத்தில் தாயின் பெயரைச் சாம்பல் நிறத்தில் தாங்கி நிற்கும். தேடல் பெட்டி மடிப்பைப் பொருட்படுத்தாமல் எல்லாவற்றையும் கண்டுபிடிக்கும். டீஃபால்ட் பார்ட்டிஷன் கட்டத்தின் முதல் வரியில், அளவோடு. இது இரவுக்காவலுக்காக.

மொத்தமாகத் தட்டையான பட்டியல் வேண்டும் என்பவர்களுக்கு அமைப்புகளில் ஒரு தேர்வு வைக்கிறேன். அதற்கு மேல் இறங்கி வர மாட்டேன்.

இரவுக்காவல்:
முதல் வரிக்கு நன்றி. வலது சொடுக்குப் பட்டியலையும் பாருங்கள். பார்ட்டிஷனின் மீது ‘அழி’ மேலேயும் ‘கழற்று’ கீழேயும் இருக்கக் கூடாது. கழற்றினால் அது சாதாரண அட்டவணையாக முதன்மைப் பட்டியலுக்கு வந்துவிடும், திரும்ப மாட்டிக்கொள்ளலாம். அழித்தால் காப்புப்பிரதியைத் தேட வேண்டும்.

14-ஆம் பதிப்பிலிருந்து கழற்றுவதையும் கன்கரண்ட்லியாகச் செய்யலாம். ஆனால் தாய்க்கு டீஃபால்ட் பார்ட்டிஷன் இருந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். அப்போது அந்தத் தேர்வை மங்கலாக்கி, காரணத்தையும் எழுதுங்கள். காரணம் இல்லாத மங்கலைப் பார்த்து நான் பல மணி நேரம் வீணாக்கியிருக்கிறேன்.

பழையவழி:
அந்தக் கன்கரண்ட்லி பாதியில் அறுந்தால்?

இரவுக்காவல்:
அது இரண்டு பரிவர்த்தனைகளாக நடக்கிறது. நடுவில் அறுந்தால் பார்ட்டிஷன் பாதி கழன்ற நிலையில் நிற்கும். தாய்-பிள்ளை உறவைப் பதிந்து வைக்கும் பிஜி_இன்ஹெரிட்ஸ் என்ற உள் அட்டவணையில் அதற்கென்று ஒரு நெடுவரிசை உண்டு. ‘ஃபைனலைஸ்’ கொடுத்து முடிக்க வேண்டும். வெள்ளைப்பலகை, அதை மரத்தில் எங்கே வைப்பீர்கள், உள்ளேயா வெளியேயா?

வெள்ளைப்பலகை:
என் வினவலில் அந்த நெடுவரிசையே இல்லை. இப்போதுதான் திறந்து பார்த்தேன். சேர்த்துவிட்டு வருகிறேன்.