அனுப்பிய மெயில் போய்ச் சேரவில்லை: நெல்லைப் பக்கத்து அனுபவங்கள்

தாமிரபரணிக்கரை, பாளையங்கோட்டை

சுற்றுவட்டாரத்துச் சின்னத் தொழில்களுக்கு டொமைன், வெப்சைட், மெயில் அமைத்துக் கொடுப்பது என் வேலை. முன்பெல்லாம் 'சைட் ஓப்பன் ஆகலை' என்றுதான் போன் வரும். 2024க்குப் பிறகு வருகிற போன்களில் பாதிக்கு மேல் 'மெயில் போகலை', 'ஸ்பேமுக்குப் போயிருது' என்பதுதான். உங்கள் ஊரில் என்ன நடந்தது, எப்படிச் சரி செய்தீர்கள் என்று ஆளுக்கொன்று எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடும் ஒரு குடும்பம். வெப்சைட்டில் ஆர்டர் வந்ததும் வாங்கியவருக்குப் பில் தானாகப் போகும்படி வைத்திருந்தார்கள். திடீரென்று வாடிக்கையாளர்கள் 'பணம் கட்டிட்டோம், பில்லே வரலையே' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். சென்னை, பம்பாய் என்று தூரத்தில் இருந்து வாங்குகிறவர்கள், முகம் தெரியாத கடையை நம்பிப் பணம் அனுப்புகிறவர்கள், பில் வராவிட்டால் பயப்படத்தானே செய்வார்கள். திரும்பி வந்த மெயிலைத் திறந்து பார்த்தால் 550-5.7.26 என்ற எண், கூடவே அனுப்பியவர் இன்னார்தான் என்று உறுதி செய்ய முடியவில்லை என்ற செய்தி. இது ஜிமெயில் தருகிற பதில்.

காரணம் இதுதான். டொமைனின் டிஎன்எஸ்ஸில், அதாவது அதன் விவரங்களை எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கும் பதிவேட்டில், எஸ்.பி.எஃப். என்று ஒரு வரி இருக்கும். எங்கள் பெயரில் மெயில் அனுப்ப உரிமையுள்ள சர்வர்கள் இவை என்று அது சொல்லும். அந்த வரியில் மெயில்பாக்ஸ் கொடுத்த கம்பெனி மட்டும்தான் இருந்தது. பில்லை அனுப்பியதோ ஹோஸ்டிங் சர்வர். அது பட்டியலில் இல்லை, மெயிலோடு போகிற டிஜிட்டல் முத்திரையான டிகிம் கையெழுத்தும் இல்லை. ஜிமெயில் பார்வையில் யாரோ அப்பளக் கடை பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள், அவ்வளவுதான்.

வெப்சைட் மெயிலையும் மெயில்பாக்ஸ் கம்பெனியின் எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும் சர்வர்) வழியாகவே, பாஸ்வேர்ட் கொடுத்து உள்ளே போய் அனுப்பும்படி மாற்றினேன். டிகிம் சாவியை டிஎன்எஸ்ஸில் போட்டேன். அன்றைக்கே பில்கள் இன்பாக்ஸுக்குப் போயின.

இதைப் படிக்கிறவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் கம்பெனி மெயிலிலிருந்து உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு ஒன்று அனுப்பி, அதைத் திறந்து, வலது மேல் மூலையில் மூன்று புள்ளியைத் தொட்டு 'ஷோ ஒரிஜினல்' பாருங்கள், கம்ப்யூட்டரில்தான் பார்க்க வேண்டும். எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் மூன்றுக்கும் எதிரே 'பாஸ்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். டிமார்க் என்பது, முதல் இரண்டிலும் தேறாத மெயிலை என்ன செய்ய வேண்டும் என்று டொமைன்காரர் சொல்லி வைக்கும் வரி. அப்புறம், எஸ்.பி.எஃப். வரி ஒரு டொமைனுக்கு ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். நியூஸ்லெட்டர் கம்பெனிக்காரர் வந்து இரண்டாவதாக ஒன்றைப் போட்டுவிட்டுப் போனால் இரண்டுமே செல்லாது. இதைப் பல இடங்களில் பார்த்துவிட்டேன்.

அம்பாசமுத்திரத்து அக்கா

நல்ல காரியம் தம்பி. நான் ஒரு கல்லூரி அலுவலகத்தில் இருக்கிறேன், பெயர் வேண்டாம். அட்மிஷன் நேரத்தில் நிர்வாகம் வெளியே ஒரு ஏஜென்சியைப் பிடித்தது. அவர்கள் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுடைய மெயில் முகவரிப் பட்டியல் ஒன்றை எங்கிருந்தோ விலைக்கு வாங்கி, கல்லூரி டொமைனிலிருந்தே மொத்தமாக அனுப்பினார்கள். அது வேண்டாம் என்று அலுவலகத்தில் நாங்கள் சொன்னோம், எடுபடவில்லை.

பட்டியலில் இருந்த யாரும் எங்களிடம் கேட்டு வாங்கியவர்கள் இல்லை. பாதி முகவரி பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் போடுகிற நேரத்தில் உருவாக்கி அதோடு மறந்து போனவை. மீதிப் பேர் மெயிலைப் பார்த்ததும் 'ஸ்பேம்' பொத்தானை அமுக்கிவிட்டார்கள். விளைவு என்னவென்றால், கல்லூரி டொமைனின் பெயரே கெட்டு, ஏற்கெனவே எங்களிடம் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்குப் போகிற தேர்வுக் கட்டண அறிவிப்பும், ஸ்காலர்ஷிப் கடிதமும் ஸ்பேமில் விழ ஆரம்பித்தன. கடைசித் தேதி முடிந்த பிறகு ஒரு பெண் பிள்ளை அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து கவுண்டரில் நின்று அழுதது. அந்தக் கடிதம் அதற்கு அனுப்பப்பட்டிருந்தது, ஸ்பேம் ஃபோல்டரில் கிடந்தது. அந்த அப்பா பீடி சுற்றுகிற குடும்பம். யாரோ வாங்கிய பட்டியலுக்கு அவர்கள் ஏன் தண்டம் கட்ட வேண்டும்?

அப்போதுதான் இந்தக் கணக்கைக் கற்றுக்கொண்டோம். 2023 அக்டோபரில் கூகுளும் யாஹூவும் சேர்ந்து அறிவித்து 2024 பிப்ரவரியில் கொண்டுவந்த விதிகளில், ஸ்பேம் என்று புகார் வரும் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடவே கூடாது, 0.1க்குக் கீழே வைத்திருப்பது நல்லது என்கிறார்கள். 5,000 பேருக்கு மெயில் போய்ச் சேர்ந்தால் 15 பேர் பொத்தானை அமுக்கினாலே 0.3 வந்துவிடுகிறது. வாங்கிய பட்டியலில் 15 பேருக்கு எங்கே போவது என்று தேடவா வேண்டும்! ஜிமெயிலின் தனிக் கணக்குகளுக்கு ஒரே நாளில் 5,000 மெயிலை ஒரு தடவை எட்டிவிட்டால் மொத்தமாக அனுப்புகிறவர் என்ற முத்திரை விழுந்துவிடும், பிறகு அது போகாது. அப்படிப்பட்டவர்களுக்கு எஸ்.பி.எஃப்., டிகிம் இரண்டும் வேண்டும், டிமார்க் வேண்டும், விளம்பர மெயில் என்றால் ஒரே சொடுக்கில் விலகிக்கொள்ளும் வசதியும் வேண்டும், விலகியவர் பெயரை இரண்டு நாளுக்குள் எடுத்துவிட வேண்டும்.

ஏஜென்சிக்காரர் மட்டும் 'ஓப்பன் ரேட் பிரமாதமா இருக்கு மேடம்' என்று கிராஃப் காட்டினார். 2021லிருந்து ஆப்பிள் மெயிலில், ஆள் திறந்தாலும் திறக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடும் வசதி வந்துவிட்டது. அதை வைத்து எத்தனை பேர் படித்தார்கள் என்று சொல்வது வெறும் கண்துடைப்பு. இதை அவரிடம் நேராகவே சொன்னேன்.

இப்போது அட்மிஷன் விளம்பரத்துக்குத் தனி சப்டொமைன், அதாவது கல்லூரி டொமைனுக்குக் கீழே ஒரு தனிப் பெயர். வெப்சைட்டில் தாங்களே கேட்டுப் பதிந்தவர்களுக்கு மட்டும் அனுப்புகிறோம். முதலில் கொஞ்சம் பேருக்கு, பிறகு மெதுவாகக் கூட்டி. பழைய நிலைக்கு வர அந்தப் பருவம் முழுக்க ஆயிற்று.

சேரன்மகாதேவி வாத்தியார்

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஒரு சந்தேகம். வேண்டாத மெயிலில் கீழே 'அன்சப்ஸ்கிரைப்' என்று இருக்கிறதே, அதை அமுக்கலாமா? அமுக்கினால் இன்னும் அதிகம் வரும் என்று பேரன் பயமுறுத்துகிறான்.

தாமிரபரணிக்கரை, பாளையங்கோட்டை

ஐயா, நீங்கள் பொருள் வாங்கிய கடை, கணக்கு வைத்திருக்கும் வங்கி என்று தெரிந்த இடமாக இருந்தால் தாராளமாக விலகலாம். மெயிலுக்குள் இருக்கிற இணைப்பைத் தொட வேண்டாம், ஜிமெயில் தானே மேலே, அனுப்பியவர் பெயருக்குப் பக்கத்தில் காட்டுகிற பொத்தானைத் தொடுங்கள். பெயரே தெரியாத இடமென்றால் பேரன் சொல்வதுதான் சரி, எதையும் தொடாமல் ஸ்பேம் என்று புகார் செய்துவிடுங்கள். தெரிந்த கடையை விலகச் சோம்பல்பட்டு ஸ்பேம் என்று அமுக்குவது மட்டும் வேண்டாம். அக்கா எழுதியதைப் பார்த்தீர்கள் அல்லவா, ஒவ்வொரு அமுக்கலுக்கும் கணக்கு உண்டு.

குற்றாலச் சாரல், தென்காசி

நான் சொல்வது போகாத மெயில் பற்றி அல்ல, போய்ச் சேர்ந்த ஒரு மெயில் பற்றி.

எங்களுக்கு வேண்டிய ஒருவர் நிலாவாரை இலை ஏற்றுமதி செய்கிறார். வெளிநாட்டு மருந்துக் கம்பெனிகள் அதைச் 'டின்னவேலி சென்னா' என்று நம் ஊர்ப் பெயரிலேயே வாங்குகிறார்கள், அத்தனை பழைய வியாபாரம். ஜெர்மனியில் வாங்குகிறவருக்கு 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்தத் தடவை பணத்தை இங்கே அனுப்புங்கள்' என்று ஒரு மெயில் போயிருக்கிறது. அதே லெட்டர்பேட், அதே கையெழுத்து, நடந்துகொண்டிருந்த பேச்சுக்குப் பதிலாகவே வந்திருக்கிறது, சரக்கின் எடை வரை சரியாக இருக்கிறது. அந்த மனுஷர் சந்தேகப்பட்டு போன் செய்ததால் பணம் தப்பியது.

என்னைக் கூப்பிட்டார்கள், போய்ப் பார்த்தேன். டொமைன் பெயரில் ஆங்கில 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டு எழுத்தும் அடுத்தடுத்து. சின்ன எழுத்தில் அடித்துப் பாருங்கள், போனில் கண்டுபிடிக்கவே முடியாது. இதில் கவனிக்க வேண்டியது, அந்த மெயிலுக்கு எஸ்.பி.எஃப். பாஸ், டிகிம் பாஸ், டிமார்க்கும் பாஸ்! திருடன் தன் டொமைனுக்கு எல்லாவற்றையும் முறைப்படி அமைத்திருந்தான். அனுப்பியவர் அந்த டொமைன்காரர்தான் என்பதற்கு மேல் இந்த மூன்றும் எதையும் சொல்லாது, அவர் யோக்கியரா என்று சொல்லவே சொல்லாது. 'பாஸ் இருந்தா நல்ல மெயில்' என்று யாரும் நம்பிவிடாதீர்கள், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சரக்கின் எடை எப்படித் தெரிந்தது? கணக்கர் எங்கோ ஒரு போலி லாகின் பக்கத்தில் பாஸ்வேர்டைக் கொடுத்திருக்கிறார். அவர் மெயில்பாக்ஸுக்குள் அவர் போடாத ஒரு ரூல் இருந்தது. வாங்குகிறவரிடமிருந்து வரும் மெயிலெல்லாம் யாரும் திறந்தே பார்க்காத ஒரு ஃபோல்டருக்குத் தானாகப் போய்விடும். திருடன் உள்ளே உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்துக்கொண்டே இருந்திருக்கிறான். பாஸ்வேர்ட் மாற்றினால் மட்டும் போதாது, ரூல், ஃபார்வர்டிங் இரண்டையும் பார்த்து நீக்க வேண்டும், இரட்டைச் சரிபார்ப்பைப் போட வேண்டும். பணம் போய்விட்டால் தயங்காமல் உடனே 1930க்குக் கூப்பிடுங்கள், முதல் சில மணி நேரம்தான் முக்கியம்.

டவுன் வாசி

அண்ணாச்சி, நான் சொந்தமாக மெயில் சர்வர் நடத்துகிறவன். கிளவுடில் வாடகைக்கு எடுத்த ஒரு சின்ன விபிஎஸ் (மெய்நிகர் சர்வர்). எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க், ரிவர்ஸ் டிஎன்எஸ் (ஐபியிலிருந்து பெயரைக் காட்டுவது) எல்லாம் பக்கா. நான் அனுப்புவது நண்பர்களுக்கும் சொந்தக்காரர்களுக்கும் கடிதம், விளம்பரம் ஒன்று கிடையாது. ஆனாலும் பெரிய கம்பெனிகளின் மெயிலுக்கு அனுப்பினால் பாதி ஸ்பேமில் விழுகிறது. காரணம் என் ஐபிக்கு, அதாவது சர்வரின் இணைய எண்ணுக்கு, பக்கத்து ஐபிக்களில் யாரோ ஸ்பேம் அனுப்புகிறார்கள். ஒரே வளவுக்குள் குடியிருக்கும் ஒருத்தர் ஊரெல்லாம் கடன் வாங்கி ஓடிவிட்டால் அடுத்த வீட்டுக்காரருக்கும் மளிகைக் கடையில் கடன் கிடைக்காது இல்லையா, அதே கதை. அதற்கு முன்னால், சர்வர்கள் ஒன்றுக்கொன்று மெயில் அனுப்பும் வழியான 25ஆம் போர்ட்டைத் திறந்து தரச் சொல்லி ஹோஸ்டிங் கம்பெனியிடம் கெஞ்சிய கதை வேறு.

ஸ்பேமை எதிர்ப்பவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. 1978 மே மாதம் இன்டர்நெட்டுக்கு முன்னோடியான அர்பாநெட்டில் டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனி விற்பனைக்காரர் ஒருவர் சுமார் 400 பேருக்குக் கம்ப்யூட்டர் விளம்பரம் அனுப்பியதிலிருந்து நடக்கிற சண்டை இது. 2008 நவம்பரில் கலிஃபோர்னியாவில் மெக்கோலோ என்ற ஒரே ஒரு ஹோஸ்டிங் கம்பெனியின் இணைப்பைத் துண்டித்ததும் உலகம் முழுக்க ஸ்பேம் பாதிக்கு மேல் குறைந்தது, சில மாதத்தில் மறுபடி ஏறிவிட்டது. ஒரு இடத்தில் அடைத்தால் இன்னொரு இடத்தில் கிளம்புகிற கூட்டத்தோடு மோதுகிறவர்களுக்குக் கடுமை வேண்டும்தான். ஆனால் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பொது வசதி, சின்ன ஆள் சொந்தமாக நடத்தவே முடியாத அளவுக்கு நாலைந்து பெரிய கம்பெனிகளின் கைக்குள் போய்க்கொண்டிருக்கிறது. அது எனக்கு நிஜமாகவே வருத்தம். நான் விடப் போவதில்லை.

சர்வர் நடத்துகிறவர்களுக்கு ஒன்று. ஸ்பேம் அனுப்பும் ஐபிக்களைத் தொகுக்கும் ஸ்பாம்ஹவுஸ் பட்டியலைக் கூகுளின் 8.8.8.8 மாதிரிப் பொது டிஎன்எஸ் வழியாகக் கேட்காதீர்கள். பதில் தர மாட்டோம் என்று 127.255.255.254 வரும். சில மென்பொருள் அதையே 'பட்டியலில் இருக்கிறது' என்று எடுத்துக்கொண்டு வருகிற மெயில் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிடும். சர்வரிலேயே சொந்த ரிசால்வர் (டிஎன்எஸ் கேள்விக்குப் பதில் தேடித் தரும் மென்பொருள்) ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்.

சுரண்டைத் தம்பி

எனக்கு ஒரு இன்டர்வியூ அழைப்பு ஸ்பேமில் கிடந்து நாள் தாண்டிப் போனது. ஜிமெயில் ஸ்பேமில் இருப்பதை 30 நாளில் அழித்துவிடும். வேலை தேடுகிற பிள்ளைகள் தினம் ஒரு தடவை அந்த ஃபோல்டரைத் திறந்து பாருங்கள், நல்ல மெயில் இருந்தால் 'நாட் ஸ்பேம்' கொடுங்கள். அண்ணாச்சி, நான் இப்போது ஒரு மில்லில் சிஸ்டம் பார்க்கிறேன். டிமார்க்கில் 'நன்' (ஒன்றும் செய்ய வேண்டாம்) என்று போட்டிருக்கிறோம். போதுமா, 'ரிஜெக்ட்' (திருப்பி அனுப்பிவிடு) என்று மாற்றிவிடலாமா?

தாமிரபரணிக்கரை, பாளையங்கோட்டை

தம்பி, ஜிமெயில் விதிக்கு 'நன்' போதும். 2025 மே மாதத்திலிருந்து அவுட்லுக், ஹாட்மெயில் முகவரிகளுக்கு நாளுக்கு 5,000க்கு மேல் அனுப்புகிறவர்களிடம் மைக்ரோசாஃப்ட்டும் எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் மூன்றையும் கேட்கிறது, இல்லாவிட்டால் 550 5.7.515 என்று திருப்பிவிடும். அங்கேயும் 'நன்' செல்லும். ஆனால் உங்கள் மில் பெயரில் எவனாவது போலி மெயில் அனுப்பினால் 'நன்' அதைத் தடுக்காது.

அதற்காக ஒரேயடியாக 'ரிஜெக்ட்' போடாதீர்கள். டிமார்க் வரியில் ரிப்போர்ட் வர ஒரு முகவரி கொடுங்கள். கூகுள், யாஹூ எல்லாம் தினம் ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல் அனுப்பும். எந்த ஐபியிலிருந்து உங்கள் டொமைன் பெயரில் எத்தனை மெயில் வந்தது, பாஸா ஃபெயிலா என்று அதில் இருக்கும். படிக்கச் சலிப்பாகத்தான் இருக்கும், இலவசமாகப் படித்துத் தருகிற தளங்கள் இருக்கின்றன. அம்பைப் பக்கம் ஒரு கம்பெனிக்கு இப்படிப் பார்த்தபோது, தெரியாத ஒரு ஐபியிலிருந்து மாதக் கடைசியில் மட்டும் மெயில்கள் போய்க்கொண்டிருந்தன. போலி என்றே முதலாளி முடிவு கட்டிவிட்டார். விசாரித்தால் சம்பளச் சீட்டு அனுப்புகிற சாஃப்ட்வேர்! 'ரிஜெக்ட்' போட்டிருந்தால் அந்த மாதம் ஒருத்தருக்கும் சீட்டு போயிருக்காது.

ஆகவே ஒரு சம்பளத் தேதி, ஒரு ஜிஎஸ்டி தேதி, ஒரு போனஸ் காலம் தாண்டுகிற வரை ரிப்போர்ட்டைப் பாருங்கள். உங்கள் சர்வர் எல்லாம் பாஸ் ஆன பிறகு 'குவாரன்டைன்' (ஸ்பேமில் போடு), அதற்கப்புறம் 'ரிஜெக்ட்'. முதல் ரிப்போர்ட் வந்ததும் அடையாளம் தெரியாத ஐபிக்களை இங்கேயே எழுதுங்கள், சேர்ந்து பார்க்கலாம். டவுன் அண்ணாச்சிக்கு ஐபியைப் பார்த்தாலே யார் எவர் என்று தெரிந்துவிடும்.