புதுப்பிப்பு: குவார்க் விண்மீன் கணக்கில் என் தப்பு

போன வாரம் இங்கே ஒரு வரைபடம் போட்டு, எளிய எம்ஐடி பேக் மாடலே (நியூட்ரான்களுக்குப் பதில் குவார்க்குகளால் ஆன குவார்க் விண்மீனை, குவார்க்குகள் ஒரு பைக்குள் அடைபட்டமாதிரி பாவிக்கும் மாடல்) ஜே0740+6620 பல்சரின், அதாவது சுழலும் ஒரு கனமான, மிக அடர்ந்த விண்மீனின், எடையைத் தாங்கிவிடும் என்று எழுதியிருந்தேன். அந்தப் படத்தில் விண்மீனின் ஆரம் ஏன் இவ்வளவு பெரிசு என்று ஒருவர் கேட்டார். சரியான கேள்வி.

தப்பு என் கணினி நிரலில். சாதாரண நியூட்ரான் விண்மீன் மாதிரி, மையத்திலிருந்து வெளியே போகப்போக கணக்கிடும் லூப்பை அடர்த்தி பூஜ்ஜியமாகும்வரை ஓடவிட்டிருந்தேன். ஆனால் இந்த மாடலில் அழுத்தம் = (ஆற்றல் அடர்த்தி − 4பி)/3; பி என்பது பேக் மாறிலி, குவார்க்குகளைப் பைக்குள் அடைத்துவைக்கும் அழுத்தம். அழுத்தம் பூஜ்ஜியமாகிற பரப்பிலேயே அடர்த்தி 4பி இருக்கும், கத்தியால் வெட்டினமாதிரி. என் லூப்போ அழுத்தம் மைனஸுக்குப் போயும் நிற்காமல் எடையையும் ஆரத்தையும் ஊதிவிட்டது.

அழுத்தம் பூஜ்ஜியமானதும் நிறுத்தினேன். பேக் மாறிலி பி-யின் நான்காம் மூலத்தை 162 மெகா எலக்ட்ரான் வோல்ட் என்று வைத்தால் உச்ச எடை சுமார் 1.6 சூரிய நிறைதான். 145-க்கு இறக்கினால் 2.0, ஆரம் 11 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பல்சரின் எடையோ 2.08 சூரிய நிறை, பிழை 0.07. எடை ஒட்டிக்கோ கட்டிக்கோ என்று பொருந்தலாம், ஆரம் இடிக்கிறது: நைசர் என்ற விண்வெளி எக்ஸ்-கதிர் தொலைநோக்கியின் தரவிலிருந்து 2021-இல் இரண்டு குழுக்கள் சொன்னது சுமார் 12.4, 13.7 கிலோமீட்டர்.

இந்த மாடலில் ஒலிவேகத்தின் வர்க்கம் ஒளிவேக வர்க்கத்தில் மூன்றில் ஒரு பங்கோடு நின்றுவிடுகிறது, அதாவது அடர்த்தி ஏறும்போது அழுத்தம் போதிய வேகத்தில் ஏறுவதில்லை, அதுதான் முட்டுக்கட்டை. குவார்க்குகளுக்கிடையே வெக்டர் விலக்கு விசையை (ஒன்றையொன்று தள்ளும் விசை) சேர்த்தால் பொருள் விறைக்கும், அழுத்தம் வேகமாக ஏறும். அடுத்து அதைத்தான் ஓட்டப்போகிறேன். பழைய படத்தை எடுத்துவிட்டேன்.