புல்லிக்கேடயமா, புல்லித்திமிலா?

> மிச்சிகன் சதுப்புகளில் பூக்கும் ஸ்குட்டெல்லேரியா என்ற புதினாக் குடும்பச் செடி பற்றித் தமிழில் எழுதுகிறேன். புல்லிவட்டத்தின் (பூவின் அடியில் உள்ள பச்சை உறையின்) மேலுதட்டில் உள்ள புடைப்பை ஸ்குட்டெல்லம் என்கிறார்கள். 'கேடயம்' என்று போடலாமா?

வணக்கம் ஐயா,

கேடயம் வேண்டாம் என்பேன். புல் வகைகளின் முளைக்கருவில் இருக்கும் வித்திலைக்கும், வண்டுகளின் முதுகில் உள்ள சிறு தகட்டுக்கும் அதே ஸ்குட்டெல்லம்தான் பெயர். 'புல்லிக்கேடயம்' என்றால் அந்தக் குழப்பம் தீரும். ஆனால் செடியைக் கையில் பிடித்திருப்பவருக்கு அதனால் என்ன பயன்?

பூ உதிர்ந்ததும் புல்லியின் இரண்டு உதடுகளும் மூடிக்கொள்கின்றன. அப்போது லென்ஸ் வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள்: மேலுதட்டின் முதுகில் அந்தப் புடைப்பு காளையின் திமில் மாதிரி எழுந்து நிற்கும். நாலுபட்டைத் தண்டும் எதிரெதிர் இலையும் அதே சதுப்பில் வளரும் காட்டுப் புதினாவுக்கும் அதே குடும்பத்து லைகோபஸ் செடிக்கும் உண்டு. இலையைக் கசக்கினால் புதினா மணந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். மற்ற இரண்டும் அப்படி மணக்காது. பூவும் முடிந்துவிட்டால் சந்தேகத்தைத் தீர்ப்பது இந்தப் புடைப்புதான். அதனால் என் ஓட்டு 'புல்லித்திமில்'. நீலகிரியில் வளரும் ஸ்குட்டெல்லேரியா வயலேசியாவுக்கும் இது பொருந்தும்.

பேரினப் பெயருக்கு மூலமான லத்தீன் ஸ்குட்டெல்லா, சிறு தட்டைக் குறிப்பது. நாம் மட்டும் கேடயத்தைப் பிடித்துத் தொங்குவானேன்?

அப்புறம், எந்தச் சிற்றினம் என்பதையும் எழுதிவிடுங்கள். கேலெரிகுலேட்டாவில் இலைக்கோணத்துக்கு ஒரு பூ, 15 முதல் 20 மி.மீ. நீளம். லேட்டரிஃப்ளோராவில் இலைக்கோணத்திலிருந்து ஒரு கதிரே கிளம்பும். பூ 1 செ.மீ.கூட இருக்காது.

---

> அதனால் என் ஓட்டு 'புல்லித்திமில்'.

எனக்கும் சம்மதம். ஒரு சிக்கல் மட்டும் உண்டு. காய் முற்றிக் காய்ந்ததும் மேலுதடு புடைப்போடு கழன்று விழுந்துவிடும். குழிந்த கீழுதடு மட்டும் நிற்கும். அதில் மழைத்துளி அடிக்கும்போது உள்ளே இருக்கும் குறுங்கொட்டைகள் (விதை அடங்கிய சிறு காய்த்துண்டுகள்) தெறித்துப் போகும். அந்த நிலையில் செடியைப் பார்ப்பவர் திமிலைத் தேடி ஏமாறுவார். ஆகவே சொல்லுக்கான விளக்கத்திலேயே 'காய் முற்றும்வரை காணப்படுவது' என்று சேர்த்துவிடலாம். அந்தக் கடைசி நிலைக்குத் 'திமிலுதிர் புல்லி' என்று தனியாக வைத்துக்கொள்ளலாம்.